வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்

ஜின்சி எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றாள். மாலை நான்கு மணி இருக்கும். கையில் மடக்கிய குடை, தோளில் டியூட்டிக்குப் போகும் பை. காலையில் பெய்த மழையில் தெரு முழுக்கச் சேறு. அவளுடைய வெள்ளைச் செருப்பின் ஓரமெல்லாம் அப்பியிருந்தது. வழக்கமாகக் கொக்கியைத் தானே தூக்கிவிட்டு, “டீச்சரே” என்று குரல் கொடுத்தபடி உள்ளே வந்துவிடுகிறவள். அன்றைக்கு வரவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

“டீச்சரே, உங்க மாடி ரூம் காலியாத்தானே இருக்கு? எனக்குத் தருவீங்களா?”

கேட்டது இவ்வளவுதான். நான் சொன்ன பதிலும் சின்னதுதான். அதை எழுதுவதற்கு முன்னால், இருந்த இடத்தை அவள் ஏன் இழந்தாள் என்று சொல்லியாக வேண்டும். அதில் என் வாய்க்குப் பெரிய பங்கு உண்டு.

சென்ற வாரம் இந்தப் பத்தியில், முப்பது வருடம் பாடம் நடத்திச் சம்பாதித்த நல்ல பெயரைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே எழுதிவிட்டேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, “நீங்கள் தப்பே செய்ததில்லையா?” என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இந்த வாரம் அதற்கான பதில்.

விளக்கக் கூடாது

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா உட்கார எனக்கு வரவில்லை. டிவி பார்த்தால் டிவியோடு சண்டை போட்டேன். என் கணவர் பீட்டருக்கு அது தாங்கவில்லை. “வெளிய ஏதாவது வேலை இருந்தா பாரேன்” என்று பவ்யமாகச் சொன்னார். பங்குக் கோவில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க ஆட்கள் தேவை, உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை. போய்ச் சேர்ந்தேன்.

கேள்விகள் எல்லாம் நிபா வைரஸைப் பற்றியவை. வௌவாலிடமிருந்து மனிதர்களுக்கு வரும் நோய். சென்னையில் அப்போது யாருக்கும் வந்திருக்கவில்லை. கேரளத்தில் வந்திருப்பதாகப் பேப்பரில் இரண்டு மூன்று நாள் போட்டார்கள். இங்கே ஜனங்களுக்கு அதைப் பற்றி எவ்வளவு தெரியும், தெரிந்தால் என்ன நினைக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை.

தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இரண்டு நாள் பயிற்சி. கலைவாணி என்கிற மேற்பார்வையாளர் நடத்தினார். கறாரான பெண்மணி. எனக்குப் பிடித்துப்போயிற்று.

“கேள்வியை எழுதியிருக்கிற மாதிரியே படிங்க. ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அவங்களுக்குத் தெரியலைன்னா, ‘தெரியாது’ன்னு குறிச்சுட்டு அடுத்ததுக்குப் போங்க. நீங்களா விளக்கம் சொல்லாதீங்க. எல்லாம் முடிஞ்ச பிறகு இந்த நோட்டீஸைக் கையில குடுங்க. அதுல எல்லாம் இருக்கு.”

ஒரு வீட்டில் சொன்னதை இன்னொரு வீட்டில் சொல்லக் கூடாது என்பது இரண்டாவது விதி. மூன்றாவது விதியைக் கேட்டபோது மண்டபமே சிரித்தது.

கடைசிக் கேள்வி இது: இந்த நோய் வந்து குணமானவருக்கோ, வந்த ஊரிலிருந்து திரும்பியவருக்கோ உங்கள் வீட்டில் தங்க இடம் தருவீர்களா? ஆம், இல்லை, தெரியாது என்று மூன்று கட்டங்கள்.

“இதுக்கு நிறையப் பேர் ‘வீட்ல கேட்டுச் சொல்றேன்’னுவாங்க. அதைத் தெரியாதுல போடாதீங்க. ‘இல்லை’ன்னு குறிங்க” என்றார் கலைவாணி. “மாட்டேன்னு முகத்துக்கு நேரா சொல்ல நம்ம ஊர்ல யாருக்கும் வாய் வராது. வீட்ல கேட்டுச் சொல்றேன்னா, மாட்டேன்னு அர்த்தம். போய்க் கேக்கவும் மாட்டாங்க.”

நானும் சிரித்தேன். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

என் வாய்

சாந்தோமிலிருந்து மயிலாப்பூர் குளம் வரைக்கும் உள்ள சில தெருக்களை என் பங்காகக் கொடுத்தார்கள். பாதி வீடுகளில் என்னிடம் படித்த பிள்ளைகள் இருந்தார்கள். அதனால் கதவு உடனே திறக்கும். உட்காரச் சொல்லுவார்கள். மோர் வரும்.

முதல் நாள் ஒரு மாமி வீட்டில், “நிபா வைரஸ் என்ற நோயைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?” என்று எழுத்துப் பிசகாமல் படித்தேன். மாமி முழித்தார். கண்களை அகல விரித்துக்கொண்டு என்னையே பார்த்தார். வாய்ப்பாடு மறந்துபோன பிள்ளை பார்க்குமே, அப்படி.

என்னால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. வகுப்பில் ஒரு பிள்ளை திணறினால் முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தே பழகிய வாய்.

“அதான் மாமி, கேரளாவுல வருதே, அந்தக் காய்ச்சல்” என்றேன்.

“ஓ, அதுவா? ஏதோ சொல்லிண்டிருந்தா, கேட்டிருக்கேன்” என்று மாமி பிரகாசமானார். ‘ஆம்’ என்று குறித்தேன். “ஆனா எங்காத்துல மாமிசமே கெடையாது. எங்களுக்கெல்லாம் அது எப்படி வரும்?”

அவருக்கு நோட்டீஸைக் கொடுத்து, மாமிசத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வௌவால் கடித்த பழத்தைத்தான் தொடக் கூடாது என்று விளக்கிவிட்டு வந்தேன். எனக்குத் திருப்தியாக இருந்தது.

தெருமுனையில் கபூர் பாய் பழக்கடை. திருவல்லிக்கேணியில் குடும்பம், இங்கே கடை. நான் வௌவால் என்று ஆரம்பித்ததுமே வியாபாரத்தை விட்டுவிட்டு என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். “டீச்சரம்மா, கொஞ்சம் மெதுவா கேளுங்க. கொய்யா வாங்க நிக்கிறவங்க காதுல விழுந்தா என் பொழப்பு போச்சு.” அவரிடமும் காய்ச்சலின் பெயரை மெதுவாகச் சொல்லி, “கேரளாவுல வருதே, அது” என்று சேர்த்துக்கொண்டேன்.

பட்டினப்பாக்கத்திலிருந்து கூடையோடு வந்து எங்கள் தெருவில் மீன் விற்கிற தேசம்மா, “இன்னா டீச்சர், மீனாண்ட வருதா அது?” என்றாள். “மீன்ல வராது. கேரளாவுல வருதே, அந்த வௌவால் காய்ச்சல்” என்றேன். “அப்ப செரி. நம்மாண்ட இன்னா கீது” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இப்படி ஒவ்வொரு வீட்டிலும். விதி தெரியும். தெரிந்துகொண்டே, அவர்களுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு அந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன். நோட்டீஸில் கேரளம் என்ற பெயரே கிடையாது. வௌவால், பழம், காய்ச்சல் வந்தவரைப் பராமரிக்கும் முறை, இவ்வளவுதான் இருந்தது. நோட்டீஸை யார் படிக்கிறார்கள்? டீச்சர் சொன்னது மட்டும் மனதில் நின்றது.

தகரத்துக்கு அந்தப் பக்கம்

ஜின்சியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

அடையாறில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கேரளத்துக்காரி. முப்பத்தைந்து வயது இருக்கும். என் பள்ளித் தோழி ஸ்டெல்லாவின் வீட்டு மாடியில் ஆறேழு வருடமாக வாடகைக்கு இருந்தாள். எங்கள் கோவிலுக்குத்தான் பூசைக்கு வருவாள்.

கொரோனா சமயத்தில் பீட்டருக்குக் காய்ச்சல் வந்து எங்கள் வீட்டைத் தகரம் வைத்து அடைத்தார்கள். அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நம் வாசலை நாமே திறக்க முடியாது. தெருவில் நடப்பவர்கள் எதிர்ப்பக்கமாக ஒதுங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருப்பேன். நாற்பது வருடமாகத் தெரிந்த மனிதர்கள். ஸ்டெல்லாகூடப் போனில்தான் பேசினாள்.

தகரத்தின் இடுக்கு வழியாக, ரத்தத்தில் ஆக்ஸிஜன் பார்க்கிற அந்தச் சின்ன மிஷினை நீட்டியது ஜின்சிதான். டியூட்டி முடிந்து தினமும் வந்து நிற்பாள். “டீச்சரே, நம்பர் சொல்லுங்க” என்பாள். நான் சொல்லுவேன். ஒரு நாள் நான் சொன்ன நம்பர் குறைவாக இருந்ததும் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாள். பிறகு அவளே ஆம்புலன்ஸுக்கு ஏற்பாடு செய்து, அவள் ஆஸ்பத்திரியிலேயே படுக்கையும் பிடித்துக் கொடுத்தாள். பீட்டர் பிழைத்தார். நெஞ்சு மட்டும் பழைய நெஞ்சு இல்லை. மாடி ஏறினால் இளைக்கிறது. அதனால்தான் மாடி அறை காலியாகக் கிடந்தது.

நம்ம மரத்து வௌவால்

ஸ்டெல்லா வீடும் என் பட்டியலில் இருந்தது. மாடி தனி வீடு, கீழே தனி வீடு என்று இரண்டு படிவங்கள். முதலில் மாடிக்குப் போனேன். ஜின்சி நைட் டியூட்டி முடித்துத் தூங்கி எழுந்து, தலை துவட்டிக்கொண்டிருந்தாள். முந்தின வாரம்தான் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தாள். நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துத் தட்டில் கொட்டினாள்.

எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்ன ஒரே ஆள் அவள்தான். பேப்பரில் போட்டிருந்த இடம் கேரளத்தின் ஒரு கோடி, தன் ஊர் இன்னொரு கோடி என்றும் சொன்னாள். கடைசிக் கேள்விக்குச் சிரித்தாள். “நான் இடம் கொடுக்கணும்னா எனக்கு முதல்ல வீடு வேணுமே டீச்சரே.” நானும் சிரித்துக்கொண்டே கலைவாணியின் மூன்றாவது விதியை அவளுக்குச் சொன்னேன். ‘வீட்ல கேட்டுச் சொல்றேன்’ என்றால் ‘இல்லை’. அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான், ஆபரேஷன் வேண்டாம் என்கிறவர்கள் எல்லோரும் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் எழுந்து போவார்கள் என்றாள்.

பிறகு கீழே வந்து ஸ்டெல்லாவை உட்கார வைத்தேன். வழக்கம்போல் கேள்வி, வழக்கம்போல் என் வாக்கியம். ஸ்டெல்லா உடனே மாடியைப் பார்த்தாள்.

“கேரளாவா? நம்ம ஜின்சி போன வாரம்தானே போய்ட்டு வந்தா?”

“அது எந்த ஜில்லாங்கறதைப் பொறுத்துடி” என்றேன், பெரிய டாக்டரைப் போல.

“இவ எந்த ஜில்லா?”

எனக்குத் தெரியும். கால்மணி நேரத்துக்கு முன்னால்தான் அவளே சொன்னாள். ஆனால் ஒரு வீட்டில் சொன்னதை இன்னொரு வீட்டில் சொல்லக் கூடாது என்ற விதி அப்போது பார்த்து எனக்கு ஞாபகம் வந்தது. “அதெல்லாம் நான் சொல்லக் கூடாது ஸ்டெல்லா” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். மதிக்க வேண்டிய விதியை எல்லா வீட்டிலும் மீறினேன். மீறியிருக்க வேண்டிய விதியை அங்கே மட்டும் காப்பாற்றினேன்.

அடுத்த இரண்டு நாளில் தெரு மாறிவிட்டது. நான் கேள்வியை முடிப்பதற்குள், “கேள்விப்பட்டோமே” என்றார்கள். எங்கிருந்து என்ற கேள்விக்கு ‘அக்கம்பக்கத்தினர்’ என்ற கட்டத்தைக் குறித்துக் குறித்து விரல் பழகிவிட்டது. ஒரு வீட்டில், “நீங்கதான் சொன்னீங்களாமே டீச்சர், ஸ்டெல்லா வீட்டு மாடியில ஒரு நர்ஸ் அங்கேர்ந்து வந்திருக்குதுன்னு” என்றார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொன்னேன். அவர்கள் நம்பிக்கையில்லாமல் தலையாட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. கொரோனாவுக்குப் பிறகு நாங்கள் கை கொடுப்பதில்லை. இருந்த இடத்திலேயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக் கைகூப்புவோம். ஜின்சியின் பெஞ்சில் அவள் மட்டும்தான் இருந்தாள். அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் பின்னால் திரும்பவில்லை. பின்னால் இருந்தவர்கள் அவளைத் தாண்டிப் பக்கவாட்டில் பார்த்துக் கும்பிட்டார்கள். அவள் கூப்பிய கையோடு ஒரு சுற்று திரும்பிவிட்டு, பீடத்தைப் பார்த்து நின்றுகொண்டாள். நான் நாலு வரிசை தள்ளி இருந்தேன். எழுந்து போயிருக்கலாம். பூசை நடுவில் எழுந்து போவது மரியாதை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் குனிந்து பாதாம் பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டு முற்றத்தில் பெரிய பாதாம் மரம் ஒன்று உண்டு. இருட்டியதும் வௌவால்கள் வந்து சதையைக் கடித்துத் துப்பிவிட்டுக் கொட்டையைக் கீழே போட்டுவிட்டுப் போகும். சின்ன வயதில் நாங்கள் இருவரும் அதே மரத்தடியில் அதே பழங்களைப் பொறுக்கி, செங்கல்லால் உடைத்துப் பருப்பைத் தின்றிருக்கிறோம். வாயெல்லாம் துவர்க்கும்.

“மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டேன்” என்றாள் குனிந்தபடியே. “எனக்கு மட்டும் ஆசையா? கேக்கறவங்களுக்குப் பதில் சொல்ல முடியலை. பேரப்பிள்ளைங்க வந்து போற வீடு.”

“அவளுக்குக் காய்ச்சலே இல்லையேடி.”

“இப்ப இல்ல. வந்துட்டா?”

கையில் ஒரு பழம். பல் பட்ட இடம் நார் நாராகத் தொங்கியது. கையுறை கிடையாது, ஒன்றும் கிடையாது. நல்ல கொட்டைகளைத் தனியாக முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள், பேரனுக்கு உடைத்துக் கொடுக்க.

“ஸ்டெல்லா, இதைத்தான் தொடக் கூடாதுன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு. முதல்ல கையைக் கழுவு. அந்தக் கொட்டையைத் தூரப் போடு.”

அவள் நிமிர்ந்து என்னை விநோதமாகப் பார்த்தாள். “அட போடி. இது நம்ம மரத்து வௌவால்” என்றாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அப்போதாவது ஜின்சி எந்த ஜில்லா என்று சொன்னேன். “இப்ப சொல்லி என்ன பிரயோஜனம்? எல்லாருக்கும் வாக்கு குடுத்துட்டேன்” என்றாள்.

அன்று மதியம் கலைவாணி போன் செய்தார். “டீச்சர், உங்க ஏரியாவுல விழிப்புணர்வு ரொம்ப நல்லா இருக்கு. வேற எங்கயும் இவ்வளவு ‘ஆம்’ வரலை” என்று பாராட்டினார். நான் நன்றி சொன்னேன்.

கேட்டுக்கு இந்தப் பக்கம்

அன்று மாலைதான் ஜின்சி வந்து நின்றாள். ஹாஸ்டல் தேடியிருக்கிறாள். நங்கநல்லூரில் ஒன்று இருக்கிறதாம். நைட் டியூட்டி முடித்து அங்கே போய்ச் சேர்வது கஷ்டம்.

“கொஞ்ச நாளைக்குப் போதும் டீச்சரே. இதெல்லாம் அடங்குற வரைக்கும். பீட்டர் அங்கிளையும் நான் பார்த்துக்கலாம்.”

அவள் ஊர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவளுக்கு ஒன்றும் இல்லை என்பதும் தெரியும். அந்த நோய் எப்படி வரும், எப்படி வராது என்று அந்தத் தெருவில் அவளுக்கு அடுத்தபடி தெரிந்தவள் நான்தான். நாலு நாளாக ஊருக்கே வகுப்பெடுத்தவள். ஆனாலும் அவள் கேட்டின் கம்பியில் கை வைத்தபோது நான் அரை அடி பின்னால் நகர்ந்தேன். கால் தானாக நகர்ந்தது. அவள் அதைப் பார்த்தாள். கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

பீட்டரின் நெஞ்சு, எதிர்வீட்டு ஜன்னல், நாளைக்கு மறுபடி தகரம் வந்துவிட்டால்? இப்படி என்னென்னவோ ஓடியது. எல்லாமே சாக்குதான். எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

“அவரைக் கேட்டுட்டுச் சொல்றேன் ஜின்சி” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அவள் கோபப்படவில்லை. மாடியில் அன்றைக்குச் சிரித்தாளே, அதில் மிச்சமிருந்த மாதிரி லேசாகச் சிரித்தாள்.

“சரி டீச்சரே” என்றாள். குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, சேற்றை ஓரமாக மிதித்துத் தாண்டிப் போனாள்.

உள்ளே வந்தேன். பீட்டர் நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“யாரு, ஜின்சி குரல் மாதிரி கேட்டுச்சே? உள்ள கூப்பிடறதுதானே?”

“டியூட்டிக்கு நேரமாச்சாம்” என்றேன்.

அவள் நங்கநல்லூருக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. காய்ச்சல் செய்தியெல்லாம் எப்போதோ பேப்பரிலிருந்து போய்விட்டது. ஸ்டெல்லா வீட்டு மாடிக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது. எங்கள் மாடி அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. கேட்டிருந்தால் பீட்டர், “இதை என்னைக் கேக்கணுமா?” என்றுதான் சொல்லியிருப்பார்.

நான் அவரைக் கேட்கவே இல்லை.